பிரதேச சபையும் நம் தோட்டமும்

(தோட்டக் குடும்பங்களுக்கான ஞாயிறு நலன்புரிக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்பது தோட்டத்துப் பெண்களுக்குப் பெயரளவில்தான். துணி துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். அவ்வளவையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்கக் கூடாது. நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

வழக்கமாக நாங்கள் வந்தால் போஷாக்கு, தடுப்பூசி, குடிப்பழக்கம், சேமிப்பு என்று பேசுவோம். இன்று வேறொன்று. சென்ற மாதம் கீழ்ப்பிரிவில் கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு தாய் கேட்டார்: “ஐயா, பிரதேச சபைக்குன்னு ஓட்டுப் போட்டோம். அந்தச் சபை எங்களுக்கு என்னா செய்யும்? போன தடவையும் போட்டோம், இந்தத் தடவையும் போட்டோம். ஒண்ணும் வெளங்கல்ல.” பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர்களிலும் யாருக்கும் பதில் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், எங்களில் சிலருக்கும் முழுப் பதில் தெரியவில்லை. அதனால்தான் இன்று அதைப் பேசுகிறோம்.

சபை எது, செயலகம் எது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. இரண்டும் “பிரதேச” என்று தொடங்குவதால் நாம் ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், அஸ்வெசும கொடுப்பனவு, காணி அலுவல் என்று போவது பிரதேச செயலகத்துக்கு. அங்கே பிரதேச செயலாளர் இருக்கிறார். அவர் அரசாங்க உத்தியோகத்தர், நாம் ஓட்டுப் போட்டு வந்தவர் அல்ல. கிராம உத்தியோகத்தரும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர்தான்.

பிரதேச சபை என்பது நாம் ஓட்டுப் போட்டு உண்டாக்குவது. அங்கே தவிசாளர் இருக்கிறார், உப தவிசாளர் இருக்கிறார், உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அலுவலகத்தை நடத்த ஒரு செயலாளரும் எழுதுவினைஞர்களும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் தொழிலாளிகளும் இருக்கிறார்கள். மாதம் ஒரு முறை சபை கூடும். உறுப்பினர்கள் பிரேரணை கொண்டுவருவார்கள், பேசுவார்கள், தீர்மானம் எடுப்பார்கள். அந்தத் தீர்மானத்தை அலுவலகம் வேலையாக்க வேண்டும்.

என்ன வேலை? பெரிய பெரிய காரியம் எதுவும் இல்லை. பாராளுமன்றத்தில் பேசுவது போல நாட்டுக் கடனையும் வெளிநாட்டு ஒப்பந்தத்தையும் அங்கே பேச மாட்டார்கள். சின்ன ரோட்டில் பள்ளம் விழுந்தால் அடைப்பது, கான் வெட்டுவது, பாலத்துக்குக் கைபிடி போடுவது, தெருவிளக்கு போடுவது, குப்பை அள்ளுவது, சந்தை நடத்துவது, பொது மலசலகூடம் கட்டுவது, மயானத்தைப் பராமரிப்பது, நூலகம் நடத்துவது, முன்பள்ளிக்கு உதவுவது, விளையாட்டு மைதானம் திருத்துவது, வீடு கட்டப் போகிறவருக்கு வரைபடம் பார்த்து அனுமதி கொடுப்பது, கடைகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது. இவைதான் அந்தச் சபையின் அன்றாட வேலை.

கேட்கும்போது சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். காலையில் பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்புகிறோம், ரோடு வேண்டும். மழை கொட்டுகிறது, லயத்துக்குப் பின்னால் கான் ஒழுங்காக ஓட வேண்டும். பொழுது சாய்ந்து திரும்புகிறோம், விளக்கு வேண்டும். வீட்டில் ஒருவர் கண்மூடினால் அடக்கம் செய்ய ஆறடி இடம் வேண்டும். பிறந்ததிலிருந்து போகும் வரை நம் வாழ்க்கையைத் தொடுகிற அரசாங்கம் இந்தச் சபைதான்.

விளக்கு ஏன் வாசலில் நின்றது?

அப்படியானால் இத்தனை காலம் நமக்கு ஏன் இது கிடைக்கவில்லை? நுவரெலியாப் பக்கமோ ஹட்டன் பக்கமோ பஸ்ஸில் இரவில் வரும்போது பார்த்திருப்பீர்கள். பசாரில் விளக்கு எரியும். கிராமத்துச் சந்தியில் எரியும். தோட்டத்துப் பெயர்ப்பலகை வந்தவுடன் இருட்டு. அந்தப் பலகைக்கு உள்ளேயும் ஆட்கள்தான் இருக்கிறார்கள். பின் ஏன் விளக்கு வாசலோடு நின்றது?

இதற்கு நீண்ட கதை உண்டு. பிரதேச சபைக்கு முன்னால் இந்த நாட்டில் கிராமச் சங்கங்கள் இருந்தன. 1930களின் இறுதியில், கிராமச் சங்கத் தேர்தலில் தோட்டத் தொழிலாளருக்கு ஓட்டுரிமை கொடுப்பதா வேண்டாமா என்று அன்றைய சட்ட சபையில் பெரிய வாதம் நடந்தது. முடிவில் தோட்டத்துக் குடியிருப்பில் வாழ்பவர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். தோட்டம் துரையின் நிலம், அங்கே ரோடும் தண்ணீரும் துரை பார்த்துக்கொள்வார், கிராமத்துக் காசு அங்கே போக வேண்டாம் என்பது அன்றைய எண்ணம்.

பிறகு 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வந்தது. நம் முன்னோரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். பாராளுமன்ற ஓட்டும் போயிற்று. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, ஒரு வீட்டிலேயே அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இங்கேயுமாகப் பிரிந்த கதை உங்கள் வீடுகளிலும் இருக்கும். 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வந்த பிறகுதான் குடியுரிமைப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது.

இதற்கிடையில் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தது. 1991இல் முதல் பிரதேச சபைத் தேர்தல் நடந்தது. நம்மவர்கள் ஓட்டுப் போட்டார்கள், நின்றார்கள், வென்றார்கள், தவிசாளர்களாகவும் வந்தார்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவு ஒரு முட்டுக்கட்டையாக நின்றது. சபையின் காசைத் தோட்டத்துக் குடியிருப்புகளுக்குள் செலவழிக்க அது இடம் கொடுக்கவில்லை. ஓட்டு உள்ளேயிருந்து போகலாம், வேலை உள்ளே வரக் கூடாது. இப்படித்தான் ஏறக்குறைய 30 வருஷம் ஓடிற்று.

நாங்கள் இந்த வேலைக்கு வந்த புதிதில் நடந்த ஒரு சம்பவம். ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்த இளைஞர் சபைக்கு நின்று வென்றார். லயம் முழுக்க வெடி போட்டுக் கொண்டாடினார்கள். நாலு மாதம் கழித்து ஒரு வயதான அம்மா அவரை மறித்து, “ஏன்டா தம்பி, பீலிக்குப் போற படிக்கட்டு ஒடஞ்சு கெடக்குதே, அதைக் கட்டித் தரக் கூடாதா?” என்று கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “பெரியம்மா, கிராமத்துல கேட்டா நாளைக்கே செய்வேன். நம்ம லயத்துக்குச் செய்யச் சட்டம் விடல்ல” என்றார். அந்த அம்மாவுக்கு அது விளங்கவில்லை. “உன்னைத்தானே அனுப்புனோம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தை இன்றும் எங்கள் காதில் நிற்கிறது.

இன்னொரு குறையும் இருந்தது. நம் மாவட்டத்தில் அம்பகமுவ, நுவரெலியா என்ற இரண்டு பிரதேச சபைகள் மிகப் பெரியவையாக இருந்தன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அந்த இரண்டு பிரதேசங்களிலும் தலா 2 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். நாட்டின் வேறு இடங்களில் அதில் சிறு பங்கு மக்களுக்கே ஒரு சபை உண்டு. இங்கே மஸ்கெலியா மலையின் உச்சியில் இருப்பவர் ஒரு கடிதம் கொடுக்க ஒரு நாள் பேரை இழந்து போக வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் கேட்ட பிறகு அவை ஆறாகப் பிரிக்கப்பட்டன: அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா ஒரு பக்கம், நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை மறுபக்கம். 2018 பெப்ரவரி 10ஆம் திகதி தேர்தல் இந்தப் புதிய சபைகளுக்கும் நடந்தது.

அதே 2018ஆம் ஆண்டில் பாராளுமன்றத்தில் பிரதேச சபைச் சட்டமும் திருத்தப்பட்டது. 33ஆம் பிரிவு மாற்றப்பட்டது. தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை வேலை செய்யலாம் என்று ஆயிற்று. முட்டுக்கட்டை விலகிற்று.

சட்டம் மாறியது, கடிதம் மேசையில் கிடந்தது

சட்டம் மாறினால் விளக்கு தானாக எரியுமா? எரியாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்கள். இந்தக் கதையில் ஒரு பூசாரி நாங்கள்தான். அதையும் மறைக்காமல் சொல்லுகிறோம்.

2019ஆம் ஆண்டின் தொடக்கம். ஒரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவுக்குக் கீழே ஒரு வளைவு. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் கான். இரவில் கை தெரியாத இருட்டு. அங்கே விளக்கு வேண்டும் என்று மாதர் சங்கத்தினர் ஒரு கடிதம் எழுதி, ஏறக்குறைய 80 பேர் கையெழுத்து வைத்து, எங்களிடம் கொடுத்தார்கள். நாங்களும் வாங்கினோம். அப்போது வேறு ஒரு கணக்கெடுப்பு வேலை வந்தது. அந்தக் கடிதம் எங்கள் மேசையில் 18 நாள் கிடந்தது. பிறகு அனுப்பியதும் சரியான இடத்துக்கு அனுப்பவில்லை. சபைக்குப் போக வேண்டியதைச் செயலகத்துக்கு அனுப்பிவிட்டோம். இரண்டு மாதம் கழித்து, “இது எமது நிறுவனத்துக்குரியதல்ல” என்று ஒரு வரியோடு திரும்பி வந்தது.

அதற்குள் தென்மேல் மழை தொடங்கிவிட்டது. ஒரு மாலை, வகுப்புக்குப் போன மகளைக் கூட்டிவரப் போன ஒரு தாய் அந்த வளைவில் சறுக்கிக் கானில் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. கை முறிந்தால் கொழுந்து எடுக்க முடியுமா? இரண்டு மாதத்துக்கு மேல் அவருக்குப் பேர் இல்லை. கடையில் கடன் ஏறிற்று. நாங்கள் பார்க்கப் போனபோது அவர் எங்களைத் திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கேட்டது இதுதான்: “ஐயா, அந்தக் கடுதாசி என்னாச்சு?”

அந்தக் கடிதத்தில் அவருடைய கையெழுத்தும் இருந்தது.

அடுத்த நாளே நாங்கள் சபை அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த எழுதுவினைஞர் பொறுமையாகக் கடிதத்தை வாசித்துவிட்டு நாலு கேள்வி கேட்டார். எந்த மின்கம்பம்? அதில் எழுதியிருக்கும் இலக்கம் என்ன? அந்த ரோடு யாருடையது? தோட்ட நிருவாகத்தின் சம்மதக் கடிதம் இருக்கிறதா? எங்கள் கையில் ஒன்றுக்கும் பதில் இல்லை. “எங்கள் தோட்டத்துக்கு விளக்குத் தந்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்” என்று மட்டும்தான் கடிதத்தில் இருந்தது. தாழ்மை நிறைய இருந்தது, விவரம் இல்லை.

திரும்பி வந்து இரண்டு இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு கம்பம் கம்பமாக நடந்தோம். இலக்கத்தைக் கொப்பியில் எழுதினோம். நாலு விளக்கு இருந்தால் பிள்ளைக் காம்பராவிலிருந்து கோயில் வரை வெளிச்சம் வரும் என்று கணக்குப் பார்த்தோம். தோட்டத்து ஆபீசுக்குப் போய் முகாமையாளரிடம் பேசி ஒரு சம்மதக் கடிதம் வாங்கினோம். அவர் மறுக்கவில்லை, இதுவரை யாரும் எழுத்தில் கேட்கவில்லை என்றார். கடிதத்தைச் சபையில் நேரே கொடுத்து, பிரதியில் முத்திரை குத்தி வாங்கினோம். நம் பகுதி உறுப்பினரிடமும் ஒரு பிரதி கொடுத்தோம். அவர் மாதாந்தக் கூட்டத்தில் பிரேரணையாகக் கொண்டுவந்தார். 2020 தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் நாலு விளக்கும் எரிந்தன. அன்று இரவு பிள்ளைகள் அந்த வளைவில் பத்து மணி வரை விளையாடினார்கள். யாரும் விரட்டவில்லை.

கை முறிந்த அந்தத் தாயும் வந்து நின்று பார்த்தார். விளக்கு நன்றாக இருக்கிறது என்றார். எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த 18 நாளை யார் திருப்பிக் கொடுப்பது?

எப்படிக் கேட்பது?

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. இப்போது அழுதால் மட்டும் போதாது, எழுதவும் வேண்டும். அந்த அனுபவத்திலிருந்து நாங்கள் படித்ததைச் சொல்லுகிறோம்.

ஒன்று, ஒரு கடிதத்தில் ஒரு வேலையை மட்டும் கேளுங்கள். ரோடு, விளக்கு, மைதானம், கோயில் மண்டபம் என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால் எதுவும் நடக்காது. எந்த உத்தியோகத்தர் பார்ப்பது என்றே அவர்களுக்குத் தெரியாது.

இரண்டு, இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயர், பிரிவு, லய இலக்கம், எத்தனை குடும்பம், எத்தனை பாடசாலைப் பிள்ளைகள், ரோடு என்றால் எங்கிருந்து எங்கு வரை, கம்பம் என்றால் அதன் இலக்கம்.

மூன்று, நிலம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். தோட்டத்து நிலம் கம்பனியின் கையில் குத்தகைக்கு இருக்கிறது. சட்டம் இடம் கொடுத்தாலும் நிருவாகத்தோடு பேசாமல் அங்கே ஒரு கல்லை எடுத்து வைக்க முடியாது. இதைச் சண்டையாக்க வேண்டாம். ரோடு நன்றாக இருந்தால் கொழுந்து லொறிக்கும் நல்லதுதானே. அதைச் சொல்லிக் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.

நான்கு, கடிதம் கொடுத்தால் பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்குங்கள். அந்தப் பிரதியைச் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைக்க வேண்டாம். மாதர் சங்கத்தில் ஒரு கோவை தொடங்கி அதில் போடுங்கள். இன்று செயலாளராக இருப்பவர் நாளை கொழும்புக்கு வேலைக்குப் போகலாம். கோவை இங்கேயே இருக்கும்.

ஐந்து, மாதம் ஒரு முறை ஒருவர் போய், என்ன நடந்தது என்று கேளுங்கள். நாலு பேர் போனால் நாலு பேர் போகிறது. ஒருவர் போனால் போதும். முறை வைத்துப் போங்கள்.

பதிலே வரவில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்று ஒன்று உண்டு. சபையில் ஒரு தகவல் உத்தியோகத்தர் இருப்பார். “இன்ன திகதியில் நாங்கள் கொடுத்த கடிதத்துக்கு என்ன முடிவு எடுக்கப்பட்டது? இந்த வருஷம் எங்கள் வட்டாரத்துக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது?” என்று கேட்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடையில் இரண்டு வருஷத்துக்கு மேல் உறுப்பினர்கள் இல்லை. “மெம்பர் இல்லையே, யாரிடம் கேட்பது?” என்று பலர் சும்மா இருந்துவிட்டார்கள். அலுவலகம் திறந்துதான் இருந்தது. செயலாளர் இருந்தார். உறுப்பினர் வரலாம் போகலாம், அலுவலகத்தின் கதவு எப்போதும் நமக்கும் உரியது.

அது யாருடைய காசு?

சிலர் நினைக்கிறார்கள், சபை நமக்குத் தருவது தானம் என்று. இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். சபைக்குக் காசு எங்கிருந்து வருகிறது? கட்டடங்களுக்கு மதிப்பீட்டு வரி, பயிர் செய்யும் பெரிய காணிகளுக்கு ஏக்கர் வரி, கடைகளின் அனுமதிப்பத்திரக் கட்டணம், சந்தைக் குத்தகை, மாகாண சபை வழியாக வரும் முத்திரை வரியும் நீதிமன்றத் தண்டப் பணமும், அரசாங்கத்தின் ஒதுக்கீடு. இதில் ஏக்கர் வரி தேயிலைத் தோட்டங்களும் கட்டுவது. தொகை சிறியதுதான். ஆனால் நாம் கொழுந்து எடுக்கும் மலைக்கு வரி வாங்கிய சபை, அந்த மலையில் வாழும் மனிதருக்கு ரோடு போட முடியாமல் இருந்தது. இன்று அந்த நியாயக்கேடு சட்டத்தில் இல்லை.

நோர்வூட் பசாரிலும் மஸ்கெலியா பசாரிலும் சம்பள நாளன்று கடைகளில் நிற்பது யார்? நாம்தான். அந்தக் கடைக்காரர் கட்டும் கட்டணத்தில் நம் வியர்வையும் இருக்கிறது. ஆகவே கெஞ்சிக் கேட்க வேண்டாம், அதட்டியும் கேட்க வேண்டாம். பங்காளி கேட்பது போலக் கேளுங்கள்.

ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் முடிவதற்கு முன்பு சபை அடுத்த வருஷத்து வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றும். அது பொதுமக்கள் பார்வைக்கும் வைக்கப்படும். தீபாவளி முடிந்த கையோடு கேட்டால் அதில் இடம் பிடிக்கலாம். பெப்ரவரியில் போய் நின்றால், “இந்த வருஷம் ஒதுக்கீடு முடிந்துவிட்டது” என்ற பதில்தான் வரும்.

நம் பக்கத்துக் கடமை

கேட்பது மட்டும் போதுமா? நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. குப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். லயத்துக்குப் பின்னால் கானில் பொலித்தீன், பெம்பர்ஸ், சாராயப் போத்தல். சபை லொறி லயத்து வாசல் வரை எல்லா இடத்துக்கும் வராது, ரோடு அப்படி. ஆனால் ஒரு இடத்தில் சேர்த்து வைத்தால் கிழமைக்கு ஒரு நாள் வந்து எடுக்கும்படி கேட்கலாம். அப்படிச் செய்யாமல் கானில் போட்டால் என்ன நடக்கிறது? கான் அடைத்துத் தண்ணீர் நம் காம்பராவுக்குள்தான் வருகிறது. சாப்பாட்டுக் கழிவைத் தேடித் தெருநாய் கூடுகிறது. நாயைத் தேடிச் சிறுத்தை லயத்துப் பக்கம் இறங்குகிறது. பிறகு சிறுத்தை வந்துவிட்டது என்று கூச்சல் போடுகிறோம். கூப்பிட்டது யார்?

அந்தக் கான் தண்ணீர் எங்கே போகிறது தெரியுமா? நோர்வூட் பக்கத்துத் தண்ணீர் கெஹெல்கமு ஓயாவாகக் காசல்ரி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. மஸ்கெலியாப் பக்கத்துத் தண்ணீர் மவுஸ்ஸாகலைக்குப் போகிறது. இந்த இரண்டு ஓயாவும் கீழே சேர்ந்துதான் களனி கங்கை. கொழும்பு நகரம் குடிக்கும் தண்ணீர் அம்பத்தலையில் அந்தக் கங்கையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. நம் பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். நாம் மலையில் போடுவது அவர்கள் குவளைக்குத்தான் போகிறது.

கூடிப் பேசும் பழக்கம்

நம் உறவினர் பலர் தாயகம் திரும்பித் தமிழ்நாட்டில் நீலகிரியிலும் மற்ற ஊர்களிலும் இருக்கிறார்கள். அங்கே ஊராட்சி என்று இருக்கிறது. வருஷத்தில் குறிப்பிட்ட நாட்களில், குடியரசு தினமான ஜனவரி 26, மே தினம், சுதந்திர தினமான ஆகஸ்ட் 15, காந்தி பிறந்த அக்டோபர் 2 ஆகிய நாட்களில், ஊரில் ஓட்டுரிமை உள்ள எல்லோரும் கூடுவார்கள். அதற்குக் கிராம சபைக் கூட்டம் என்று பெயர். வரவு செலவை அங்கே வாசிப்பார்கள். எந்த வேலை முதலில் என்று ஊரே பேசும். 2022இலிருந்து உலக தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து ஆறு நாளாக்கியிருக்கிறார்கள். எல்லா ஊரிலும் அது ஒழுங்காக நடக்கிறதா என்றால் அது வேறு கதை. ஆனால் ஒரு வழக்கம் இருக்கிறது.

நம் சட்டத்தில் அப்படி ஊர் முழுக்கக் கூடும் ஏற்பாடு இல்லை. ஆனாலும் பிரதேச சபையின் மாதாந்தக் கூட்டத்தைப் பொதுமக்கள் போய் உட்கார்ந்து பார்க்கலாம். பேச முடியாது, பார்க்கலாம், கேட்கலாம். நாம் தேர்ந்தெடுத்தவர் வாய் திறக்கிறாரா, தூங்குகிறாரா என்று தெரிந்துகொள்ளலாம். சபை அமைக்கும் குழுக்களில் உறுப்பினர் அல்லாத பிரதேசவாசிகளையும் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. இதையும் கேட்டு வாங்கலாம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 2018 தேர்தலிலிருந்து உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. தோட்டத்துப் பெண்களும் சபைக்குப் போயிருக்கிறார்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும், எந்தப் படி சறுக்கும், எந்த வளைவு இருட்டு என்று உங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? சபையின் வேலை முழுக்க உங்கள் அன்றாட வேலைதான். “எங்களுக்கு அரசியல் வேண்டாங்க” என்று சொல்லாதீர்கள். கான் வெட்டச் சொல்லிக் கேட்பது அரசியல் என்றால், அந்த அரசியலை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

நாங்கள் அதிகம் பேசிவிட்டோம். முடிக்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒரு தாள் கொண்டுவாருங்கள். உங்கள் லயத்துக்கு மிக அவசரமாக வேண்டிய ஒரு வேலை, ஒன்றே ஒன்று, அதில் எழுதியிருக்கட்டும். எழுத வராதவர்கள் ஸ்கூல் போகும் பிள்ளையிடம் சொல்லி எழுதுங்கள். பிள்ளைக்கும் அது ஒரு பாடம். எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்து, எது முதல் என்று நாமே தீர்மானிப்போம். அந்த ஒன்றை ஒழுங்கான கடிதமாக எழுதி, அந்த வாரமே சபையில் கொடுப்போம்.

இம்முறை அந்தக் கடிதம் எங்கள் மேசையில் ஒரு இரவுகூடக் கிடக்காது. கிடந்தால் நீங்கள் வந்து கேளுங்கள்: “ஐயா, அந்தக் கடுதாசி என்னாச்சு?” கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதில் சொல்ல எங்களுக்குக் கடமை உண்டு.